ஜோகன்னஸ்பர்க் குடித்தனம்: ஊரிலிருந்து வந்த சமையல் சாதனங்களில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைக் கொடுத்துவிடுவது?

கேள்வி: ராண்ட்பர்க், ஜோகன்னஸ்பர்க்

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் பணி மாற்றம் காரணமாக மதுரையிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கிற்குக் குடிவந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ராண்ட்பர்க்கில் ஓர் அடுக்குமாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். சமையலறை சிறியது. கண்ணாடிப் பரப்பு கொண்ட மின் அடுப்பும் அதன் கீழே ஓவனும் வீட்டோடு இருக்கின்றன. கேஸ் இணைப்பு இல்லை.

வரும்போது யோசிக்க நேரமில்லாமல், கையில் பட்டதையெல்லாம் கட்டிக்கொண்டு வந்தோம். மூன்று ஜாருடன் மிக்ஸி, ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர், இட்லிக் கொப்பரை, இரும்புத் தோசைக்கல், முறுக்கு அச்சு, காபி பில்டர், மின்சாரச் சப்பாத்தி மேக்கர், இண்டக்ஷன் அடுப்பு, சுவரில் மாட்டும் ஆர்.ஓ. தண்ணீர்ச் சுத்திகரிப்பு எந்திரம் ஆகியவை இப்போது இங்கே இருக்கின்றன. இவற்றில் பாதி இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. வந்த பாதியிலும் சில ஒழுங்காக வேலை செய்யவில்லை. தோசைக்கல் நடுவில் மட்டும் சூடேறுகிறது. குக்கரில் ஊரில் நான்கு விசிலில் குழைந்த துவரம்பருப்பு இங்கே ஆறு விசில் விட்டாலும் விரைப்பாகவே நிற்கிறது. பருப்புதான் பழையது என்று நினைத்து மூன்று கடைகளில் மாற்றி வாங்கிப் பார்த்துவிட்டேன்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் என் மாமியார் முதன்முறையாக இங்கே வருகிறார். தலா 23 கிலோ கொண்ட இரண்டு பெட்டிகள் கொண்டுவர அவருக்கு அனுமதி உண்டு. மதுரை வீட்டில் எங்களுடைய இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தே தீருவேன் என்கிறார். அது மட்டுமே ஏறத்தாழ 12 கிலோ. ஒரு பெட்டியில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் வேறு ஏதாவது கொண்டுவருவது நல்லதா? ஏற்கெனவே இங்கே இருப்பவற்றில் எவற்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றை யாருக்காவது கொடுத்துவிடலாம்? பல ஆண்டுகளாக இந்த நாட்டில் குடித்தனம் நடத்துபவர்கள், எதை வைத்துக்கொண்டு பயன்பட்டது, எதை விட்டு வருந்தினீர்கள் என்று அனுபவத்திலிருந்து சொன்னால் பேருதவியாக இருக்கும். எங்கள் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு.

பதில் 1: மிட்ராண்ட்

வணக்கம், சகோதரி. நான் மின்பணித் துறையில் இருப்பவன். இங்கே வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் உங்கள் பருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் பலவும் அதையொட்டியே வருகின்றன.

பருப்பில் குறையில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 94 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அதாவது திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் தளதளவென்று கொதித்தாலும் அரிசிக்கும் பருப்பிற்கும் மதுரையில் கிடைத்த சூடு இங்கே கிடைக்காது. குக்கர் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகிறது, ஆனால் முழுவதுமாக அல்ல. குக்கரின் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் குறிப்பிட்ட அளவு அழுத்தத்தைத்தான் சேர்க்கிறது, வெளிக்காற்றே மெலிந்திருந்தால் உள்ளே சேரும் மொத்த அழுத்தமும் அந்த அளவிற்குக் குறையும். கடற்கரை ஊரில் 120 டிகிரியை எட்டும் குக்கர் இங்கே 117, 118 டிகிரியில் நின்றுவிடும். ஆகவே பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, முதல் விசிலுக்குப் பிறகு அடுப்பைக் குறைத்து, விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பார்த்து ஊரில் வைத்ததைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். இட்லிக்கும் இதே கதைதான்; ஊரில் பத்து நிமிடத்தில் வெந்த இட்லி எங்கள் வீட்டில் பதினான்கு நிமிடம் கேட்கிறது.

இதிலிருந்து வரும் முதல் முடிவு, குக்கரை எந்தக் காரணத்திற்காகவும் விட்டுவிடாதீர்கள் என்பது. கடற்கரையில் இருப்பவர்களுக்குக் குக்கர் ஒரு வசதி. இந்த மேட்டு நிலத்தில் அது இன்றியமையாதது. மாமியாரிடம் அந்தக் குக்கரின் மாடல் எண்ணைச் சொல்லி இரண்டு கேஸ்கட், ஒரு சேஃப்டி வால்வு, ஒரு வெயிட் ஆகியவற்றை வாங்கி வரச் சொல்லுங்கள். நூறு கிராம்கூட இருக்காது, ஆனால் உங்கள் மாடலுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் கேஸ்கட்டைத் தேடி இங்கே அலைவது எளிதல்ல.

அடுத்தது மின்சாரம். இந்தியாவைப் போலவே தென்னாப்பிரிக்காவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். அமெரிக்காவிற்குக் குடிபெயரும் உறவினர்கள் டிரான்ஸ்பார்மரைத் தேடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொல்லை நமக்கு இல்லை. மிக்ஸியும் கிரைண்டரும் ஊரில் சுழன்ற அதே வேகத்தில் இங்கேயும் சுழலும். இன்னொரு நல்ல செய்தி, இந்நாட்டு வீடுகளில் உள்ள பெரிய மூன்று உருண்டை முனைச் சாக்கெட் நம் ஊர் 16 ஆம்பியர் சாக்கெட்டின் உடன்பிறப்பு. இரண்டும் பழைய பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்தவை என்பதால் கெய்சர் போன்றவற்றின் பெரிய பிளக் நேராகப் பொருந்திவிடும். மிக்ஸி, கிரைண்டரின் சிறிய மூன்று முனைப் பிளக்தான் பொருந்தாது. அதற்குப் பலரும் விமான நிலையத்தில் வாங்கிய இரண்டு முனை அடாப்டரை மாட்டி ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த அடாப்டரில் எர்த் இணைப்பு இல்லை. ஈரக் கையோடு மாவு வழிக்கும் எந்திரத்தில் எர்த் இல்லாமல் இருக்கக் கூடாது. ஹார்டுவேர் கடையில் இந்நாட்டுப் பிளக் டாப் வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றிக்கொள்வதே முறை. மாற்றும்போது பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய இந்தியக் கம்பியாக இருந்தால் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று வரும்.

மிக்ஸியைப் பற்றி இரண்டு பேச்சே கிடையாது, வைத்துக்கொள்ளுங்கள். இங்கே விற்கும் பிளெண்டர்களின் உயரமான ஜார் பழச்சாற்றுக்காகவும் சூப்புக்காகவும் ஆனது. கால் மூடித் தேங்காயையும் நான்கு மிளகாயையும் அதில் போட்டால் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிளேடு வெறும் காற்றில் சுழலும். அடி குறுகலான நம் சட்னி ஜாருக்கு ஈடான ஒன்றை இந்நாட்டுக் கடைகளில் நான் பார்த்ததில்லை. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் இரண்டு, கார்பன் பிரஷ் ஒரு ஜோடி, ஜாரின் வாஷர்கள், இவற்றையும் மாமியாரின் பட்டியலில் சேருங்கள்.

கிரைண்டரைக் கொண்டுவரலாம் என்பதே என் கருத்து. ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கே 2007 இறுதி முதல் விட்டு விட்டு லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, இருந்துவந்திருக்கிறது. 2023இல் அது உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பத்து மாதங்கள் வெட்டே இல்லாமல் இருந்து, 2025 தொடக்கத்தில் சில நாள் திரும்பி வந்தது. அதனால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் மலிவான, படிக்கட்டு வடிவ அலை தரும் வகையாக இருந்தால் அதில் கிரைண்டரை ஓட்டாதீர்கள். கிரைண்டரில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். அந்த அலையில் அது உறுமும், சூடேறும், நாளடைவில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். தூய சைன் அலை, அதாவது மின்வாரிய மின்சாரத்தைப் போலச் சீரான அலை, தரும் இன்வெர்ட்டர் என்றால் கவலையில்லை. மின்சாரம் திரும்பி வரும் நொடியில் ஏற்படும் மின்னழுத்த ஏற்றம் ஆபத்தானது. வெட்டு தொடங்கியதும் எந்திரங்களின் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கம் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கே வந்துவிட்டது.

பதில் 2: கேப் டவுன்

முதல் பதிலில் சொல்லப்பட்ட பெரும்பாலானவற்றோடு ஒத்துப்போகிறேன். கிரைண்டர் விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தோசைக்கல். அம்மா, அதை உடனே அந்தக் கண்ணாடி அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களுடையது அடிவளைந்த கல் என்று நினைக்கிறேன், அதனால்தான் நடுவில் மட்டும் சூடேறுகிறது. கண்ணாடி அடுப்பில் நெருப்பு இல்லை. பாத்திரத்தின் அடி கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் வெப்பம் ஏறும். ஒட்டாத இடத்தில் வெப்பம் கண்ணாடியிலேயே தேங்க, அடுப்பிற்குள் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி விடும். நீங்கள் அடுப்பை முழுதாக வைத்தும் கல் காயாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் என் தாயார் கொடுத்த கனமான இரும்புக் கல்லில்தான் தினமும் தோசை வார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெங்காயத்தால் எண்ணெய் தேய்க்கக் கல்லைச் சற்றுத் தூக்கியவள், மகன் கூப்பிட்ட சத்தத்திற்குத் திரும்பிக்கொண்டே கீழே வைத்தேன். விளிம்பு முதலில் இறங்கியது. 'டிக்' என்று மிகச் சிறிய சத்தம், அவ்வளவுதான். கல்லை எடுத்துப் பார்த்தால் முன் மூலையிலிருந்து பின்பக்கச் சுவர் வரைக்கும் கோலப்பொடியில் இழுத்தாற்போல் வெள்ளையாக ஒரு கோடு. அன்று மாலைக்குள் அது மூன்றாகக் கிளைத்தது. வீடு காலி செய்யும்போது முன்பணத்திலிருந்து முழு அடுப்பின் விலையையும் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே தோசைக்கல்லை விட வேண்டாம், அதை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். இண்டக்ஷன் அடுப்பு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னீர்கள். அடி தட்டையான இரும்புக் கல்லுக்கு அது நன்றாகப் பொருந்தும். வளைந்த கல்லாக இருந்தால் மாமியாரைத் தட்டையான ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் அலுமினியக் குக்கர் இண்டக்ஷனில் வேலை செய்யாது. எந்தப் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதோ அதுதான் அங்கே பயன்படும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும் காந்தத்தை எடுத்து எல்லாப் பாத்திரங்களையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

கேஸ் வேண்டுமென்று நினைத்தால் ஊரிலிருந்து அடுப்பைக் கொண்டுவர வேண்டாம். இந்நாட்டில் ஒப்புதல் பெற்ற அடுப்பைத்தான் பதிவு பெற்ற பணியாளர் பொருத்தித் தகுதிச் சான்றிதழ் தருவார். சிலிண்டர்களும் வேறு அளவுகள், நம் 14.2 கிலோ இங்கே கிடையாது, 9, 19, 48 கிலோ என்று கிடைக்கும். வாடகை வீட்டில் உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும்.

ஆர்.ஓ. எந்திரத்தைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். நாங்களும் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினோம். உப்புத் தண்ணீர் வரும் ஊருக்காகச் செய்யப்பட்ட எந்திரம் அது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிடக் கூடுதலான தண்ணீரைக் கழிவாக வெளியேற்றும். கேப் டவுனில் வறட்சி முற்றி, 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அந்த நாள்களில் குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றிக்கொண்டே, இன்னொரு பக்கம் ஆர்.ஓ. குழாயிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை, கழற்றிவிட்டேன். இந்நாட்டுப் பெருநகரங்களில் குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கு உகந்ததாகவே பொதுவாக வருகிறது. உங்களுக்கு வேண்டியது சுத்திகரிப்பு எந்திரமல்ல. குழாய் வராத நாளுக்காக மூடியிட்ட நல்ல குடம் இரண்டு.

சப்பாத்தி மேக்கரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கொடுத்துவிடுங்கள். அந்த அலமாரி இடத்தில் அஞ்சறைப் பெட்டியை வைக்கலாம்.

இனி கிரைண்டர். மூன்று ஆண்டு ஒப்பந்தத்திற்காக 12 கிலோவைச் சுமப்பது தேவையா என்று யோசியுங்கள். மிக்ஸியில் மாவரைக்கக் கூடாது என்று நாம் சொல்வதன் முதல் காரணம், பிளேடின் வேகத்தில் மாவு சூடேறிவிடும் என்பதே. மே மாத மதுரையில் அது உண்மை. குளிர்காலமான ஜூலை மாத ஜோகன்னஸ்பர்க்கில் மாவு சற்றே வெதுவெதுப்பாக இருப்பது பொங்குவதற்கு உதவத்தான் செய்யும். உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இடையிடையே மிக்ஸிக்கு ஓய்வு கொடுத்து அரைத்து, இட்லி ரவையோடு கலந்து நான் ஒன்பது ஆண்டுகளாகக் காலம் தள்ளுகிறேன். அந்த 12 கிலோவிற்கு நல்லெண்ணெய், வீட்டில் இடித்த சாம்பார்ப்பொடி, வற்றல் வகைகள் என்று எவ்வளவோ கொண்டுவரலாமே.

பதில் 3: சாட்ஸ்வர்த், டர்பன்

வணக்கம். நான் இந்நாட்டிலேயே பிறந்தவள், ஐந்தாம் தலைமுறை. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, பிறகு முயன்று தமிழ் படித்து, இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போல் விமானத்தில் வந்தவர்களின் கேள்விக்கு நான் பதில் எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் முந்தைய பதிலில் கிரைண்டர் வேண்டாம் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1860 நவம்பரில் முதல் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். என் முன்னோர் கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்பதற்கு எங்கள் வீட்டில் சாட்சி ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தின் இன்னொரு இடப்பெயர்வை என் பாட்டி திரும்பத் திரும்பச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

பாட்டியின் குடும்பத்தார் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி 1960களில் அந்த இடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டு, சாட்ஸ்வர்த்தில் வரிசையாகக் கட்டிய சிறிய வீடு ஒன்றுக்கு வந்தார்கள். ஒரே லாரிதான், அதையும் இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாட்டி அம்மியை ஏற்றினார். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் பெரிய பித்தளைப் பாத்திரத்தை ஏற்றினார். ஆட்டுக்கல்லை ஏற்ற முடியவில்லை. இரண்டு ஆண்கள் பிடித்தும் அது மண்ணிலிருந்து அசையவில்லையாம், லாரிக்காரர் அவசரப்படுத்தினார். குழவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் குழவி இன்றும் என் வீட்டு வாசற்படிக்கருகே இருக்கிறது. தலைப்பக்கம் கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகி, மழை பெய்தால் கருப்பட்டி நிறத்தில் மின்னும். நான் சிறுமியாக இருந்தபோது அதைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுப்பார்கள். அது வேறு எதற்கோ ஆனது என்பதே எனக்குத் தெரியாது. ஏனென்றால் ஆட்டுக்கல் போனதோடு எங்கள் வீட்டில் இட்லியும் போயிற்று. அம்மி இருந்ததால் மசாலை அரைத்த குழம்பு இருந்தது, மீன் குழம்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. பித்தளைப் பாத்திரம் இருந்ததால் ஆடி மாதத்துப் புளிக்கூழ் நிற்கவில்லை, அது இங்கே மக்காச்சோள மாவில் காய்ச்சப்பட்டாலும். ஆனால் இட்லி தீபாவளிக்கு மட்டும் என்று சுருங்கி, பக்கத்து வீட்டுக் கல்லைக் கேட்டு அரைப்பது என்றாகி, அந்த வீட்டுப் பாட்டியும் காலமான பிறகு முற்றிலுமாக நின்றது. என் தாயாருக்கு இட்லி செய்யத் தெரியாது. நான் முதன்முதலாக வீட்டில் அவித்த இட்லியைச் சாப்பிட்டது, கோயம்புத்தூருக்குச் சுற்றுலா சென்றபோது, எனக்கு முப்பத்து நான்கு வயதில்.

வெட் கிரைண்டருக்குப் பெயர்போன அந்த ஊரிலிருந்தே ஒரு கிரைண்டரை வாங்கி வந்தேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் தாயார் அப்போது உயிரோடு இருந்தார். கிரைண்டர் சுழல்வதை நாற்காலியைப் போட்டு அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், உளுந்து பொங்கி விளிம்புக்கு வந்ததும், 'உன் பாட்டி கையால் தள்ளித் தள்ளி விடுவார்களே, அதுதானே இது' என்றார்.

மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்கிறீர்கள். கூலி ஒப்பந்தம் ஐந்து ஆண்டு என்றுதான் எங்கள் முன்னோரும் கப்பலேறினார்கள். கிரைண்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மகளே.

பொடி வகைகளுக்காகப் பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் மிளகாய், மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். வேண்டிய அளவில் கலந்து கொடுப்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் சென்றால் மளிகைக்குக் குறைவில்லை. சேப்பங்கிழங்கை இங்கே மடும்பி என்று கேளுங்கள், கிடைக்கும். கிடைக்காதது கருவிதான், பண்டமல்ல.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பருப்பை ஊறவைத்து நிமிடக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். நேற்று இரவு சாம்பாரில் பருப்பு கரைந்து நின்றது. என் கணவர் ஒன்றும் கேட்காமல் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்.

காந்தச் சோதனையும் செய்துவிட்டேன். குக்கரில் ஒட்டவில்லை, தோசைக்கல்லில் ஒட்டியது. கல்லின் அடியில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்ததில் வளைவு கண்ணுக்கே தெரிந்தது. ஆகவே குக்கர் கண்ணாடி அடுப்பில், புதிய தட்டைக் கல் இண்டக்ஷனில் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆர்.ஓ. எந்திரத்தையும் சப்பாத்தி மேக்கரையும் இந்த மாதம் ஊருக்குத் திரும்பும் ஒரு குடும்பத்திடம் கொடுத்து அனுப்புகிறேன்; அவர்கள் ஊரில் உப்புத் தண்ணீர்தான். பழைய கல்லைக் கேஸ் அடுப்பு உள்ள ஒரு தோழி கேட்டிருக்கிறார்.

டர்பன் அம்மாவின் பதிலைத் தொலைபேசியில் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'குழவியை மட்டுமாவது எடுத்துவந்தாரே' என்றார். கிரைண்டர் வருகிறது. இரண்டே கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. அதை உடையாமல் எப்படிக் கட்டுவது? ஜூன், ஜூலைக் குளிரில் மாவு பொங்குமா?

பதில் 1 எழுதியவர்: மிட்ராண்ட்

கட்டுவதைப் பொறுத்தவரை, கிரைண்டரை முழுதாகப் பெட்டியில் வைக்கக் கூடாது. டிரம்மை அதன் அடிப்பாகத்திலிருந்து தூக்கிவிட்டு, உள்ளே இருக்கும் குழவிக் கற்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழைய கைத்தறித் துண்டில் சுற்ற வேண்டும். டிரம்முக்குள் கற்களை வைக்காதீர்கள். விமான நிலையத்தில் பெட்டி ஒரு முறை குப்புற விழுந்தால் போதும், கல் எஃகுப் பாத்திரத்தை உள்ளிருந்தே நெளித்துவிடும். டிரம்முக்குள் துணிகளை இறுகத் திணியுங்கள். அடிப்பாகத்தில் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டுதான் மிகவும் முக்கியம், அது வளைந்தால் சரிசெய்வது கடினம். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டம்ளரை அதன்மேல் கவிழ்த்து டேப் ஒட்டிவிடுங்கள். மோட்டார் உள்ள பாகம் ஒரு பெட்டியிலும் கற்கள் மற்றொரு பெட்டியிலும் இருந்தால் எடையும் பிரிந்துவிடும். கற்களைக் கைப்பையில் கொண்டுவர வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடக்கூடும். எந்திரம் பழையது, சொந்த உபயோகத்திற்கானது என்று சுங்கத்தில் கேட்டால் மாமியார் சொல்லும்படி ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாவு பொங்குவதற்கு உங்கள் ஓவன் போதும். இங்கே ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பநிலை ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும் என்பதால் சமையலறை மேடையில் வைத்த மாவு மறுநாள் மாலைவரை அசையாது. ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, கதவை மூடிவிடுங்கள். எங்கள் வீட்டு ஓவனில் அந்த விளக்கின் வெப்பமே போதுமானதாக இருக்கிறது. உப்பை மாலையிலேயே சேர்த்து, கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் இரவு எட்டு மணிக்கு வைத்தால் காலை எட்டு மணிக்கு எடுக்கலாம். ஓவன் கதவில், உள்ளே மாவு இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை யாரோ கேக் சுடுவதற்காக 180 டிகிரியில் ஓவனைப் போட்டுவிட்டார்கள்.